பெரிய கடையில் எது மலிவு? சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்குக் குடிவருபவர்கள் பல ரகம். எல்பில், டோவன்பி, கமுனிங் தோட்டத்து லயங்களை விட்டு டவுனில் வீடு வாங்கி வந்தவர்கள், தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், கல்யாணமாகி வந்த பெண்கள், தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வேலைக்கு வந்தவர்கள். வீட்டுக்குத் தண்ணீரும் கரண்டும் வந்த மறுநாளே எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "சாமான் எங்க மலிவு?"

ஒரு கடைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். பக்கத்து வீட்டு அக்கா அப்படித்தான் சொல்வார், அவர் வீட்டுக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் கைக்குழந்தைக்குப் பால் டின்னும் நாப்கினும் வாங்குகிற வீட்டுக்கும், மூன்று இளைஞர்கள் சேர்ந்து பொங்கிச் சாப்பிடுகிற வாடகை வீட்டுக்கும் ஒரே கடை மலிவாக இருக்காது. கடைக்காரர் வீட்டுக்கு அனுப்பும் துண்டுப் பிரசுரத்தை வைத்துக் கடைகளை ஒப்பிடக் கூடாது. உங்கள் வீட்டுச் சாமான் பட்டியலை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கடைகளின் ஜாதகம்

பெரிய பேரங்காடிகள் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். எங்கிருந்து வந்தவை என்று தெரிந்தால் எதில் கெட்டி என்று பாதி புரிந்துவிடும்.

மைடின், 1957இல் கோத்தா பாருவில் ஓர் இந்திய முஸ்லிம் குடும்பம் தொடங்கிய கடை. மொத்த வியாபார வாடை இன்னும் போகவில்லை. துணிமணி, பாய், பிளாஸ்டிக் வாளி, அண்டா குண்டா, கல்யாணத்துக்குக் கொடுக்கும் சில்லறைச் சாமான் என்று குவித்து விற்பதில் அவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். நமக்குக் கிட்டத்தில் இருப்பது ஈப்போ மேரு ராயாவில், அமான்ஜெயா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். காடி (கார்) இல்லாதவர்களுக்கு இது பெரிய வசதி.

லோட்டஸ் என்பது பழைய டெஸ்கோதான். 2002இல் பூச்சோங்கில் முதல் கடையைத் திறந்தபோது டெஸ்கோவோடு கூட்டுச் சேர்ந்தது சைம் டார்பி, அதாவது 1910இல் மலாக்காவில் ரப்பர் தோட்டத்தோடு தொழில் தொடங்கிய அதே கம்பெனி. தோட்டத்தில் சம்பளம் கொடுத்த கையே டவுனில் கடையும் வைத்தது என்று எங்கள் பெரியவர்கள் சிரிப்பார்கள். 2020 கடைசியில் தாய்லாந்தின் சிபி குழுமம் வாங்கியது, அடுத்த வருடம் பெயர்ப் பலகை மாறியது. சோப்புத்தூள், டிஷ்யூ, தரை கழுவும் திரவம் போன்றவற்றில் கடையின் சொந்த முத்திரைச் சரக்கைப் பார்க்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

ஏயோன் பிக், 1994இல் வந்த கேரிஃபோரின் வாரிசு. 2012இல் ஜப்பானின் ஏயோன் அதை வாங்கியது. ஜயண்ட், செந்தூலில் 1944இல் ஒரு சாதாரண மளிகைக் கடையாக ஆரம்பித்தது. எக்கோன்சேவ் 1955இல் போர்ட் கிள்ளானில் பிறந்தது. கிள்ளானில் 1987இல் ஒரு சின்ன மளிகைக் கடையில் தொடங்கியவரின் கைவண்ணம்தான் இன்று சந்துக்குச் சந்து நிற்கும் 99 ஸ்பீட்மார்ட். இது பேரங்காடி இல்லை. ஆனாலும் இதை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பட்டியல் எழுதுங்கள், சீனியை அடித்துவிடுங்கள்

ஒரு மாதம் உங்கள் வீட்டில் கட்டாயம் தீருகிற சாமான்களைத் தாளில் எழுதுங்கள். பதினைந்து போதும். பிராண்டையும் எடையையும் சேர்த்தே எழுத வேண்டும். "பருப்பு" என்று எழுதினால் ஒப்பிட முடியாது, "மைசூர் பருப்பு 1 கிலோ" என்று எழுதினால் முடியும். பொன்னி அரிசி, நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், சாம்பார்த்தூள், கோழி, முட்டை, மைலோ, டீத்தூள், சலவைத்தூள், பற்பசை, நாப்கின் என்று உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி.

அடுத்து, அரசாங்கம் விலை நிர்ணயித்த சாமான்களை அடித்துவிடுங்கள். 1 கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு, எந்தக் கடையானாலும். உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ மூட்டை 26 வெள்ளிக்கு மேல் விற்கக் கூடாது. சாதாரணச் சீனியும் விலைக் கட்டுப்பாட்டில் உள்ளதுதான். இவற்றைக் காட்டி "எங்கள் கடை மலிவு" என்று யார் சொன்னாலும் அதில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. இவற்றில் பார்க்க வேண்டியது சரக்கு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும். அந்தப் பாக்கெட் எண்ணெய் மானியத்தில் வருவது, குடிமக்களுக்கானது என்பதைப் பெர்மிட்டில் வந்த தம்பிகள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் போத்தல் எண்ணெய் விலையைத்தான் எழுத வேண்டும்.

மீதிச் சாமான்களுக்கு எதிரே இரண்டு மூன்று கட்டம் போடுங்கள், கடைக்கு ஒன்று. முதல் மாதம் எங்கே போனாலும் விலையைக் குறித்து வாருங்கள். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு 'பிரைஸ்கேட்சர்' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. கோழி, முட்டை, காய்கறி, மைலோ மாதிரியான சாமான்களின் விலையை வட்டாரவாரியாகக் காட்டும். கிளம்புவதற்கு முன் ஒரு பார்வை பார்க்க நல்லது. நம்முடைய சாம்பார்த்தூளையும் பொன்னி அரிசியையும் மட்டும் நீங்களே குறித்துக்கொள்வதுதான் நம்பகம்.

விலைச்சீட்டைப் படிக்கும் விதம்

இங்கேதான் புதிதாக வந்தவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

தட்டில் தொங்கும் சீட்டில் பெரிய எழுத்தில் ஒரு விலை இருக்கும். மேலே சின்னதாக 'ஹார்கா அஹ்லி' என்று போட்டிருந்தால் அது உறுப்பினர் விலை. கார்டோ செயலியோ இல்லாமல் கவுண்டரில் நின்றால் பெரிய எழுத்து விலை உங்களுக்குக் கிடைக்காது, கீழே பொடியாக எழுதியிருக்கும் விலைதான் ஓடும். ஆகவே எந்தக் கடைக்கு மாதம் ஒரு தடவையாவது போவீர்களோ அந்தக் கடையின் உறுப்பினராகிவிடுங்கள். எல்லாக் கடைக்கும் சேர வேண்டியதில்லை. செயலியை எடுத்தாலே போதும் என்கிற இடத்தில் காசு கொடுத்துக் கார்டு வாங்கவும் வேண்டாம்.

சீட்டில் தேதியும் பாருங்கள். வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிறோடு முடியும் சலுகை நிறைய. திங்கட்கிழமை காலையில் பழைய சீட்டு தட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

அப்புறம் எடைக்கணக்கு. பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்பது நம் ஊரில் வேரோடிய நம்பிக்கை. சம்பளம் வாங்கிய கையோடு மூட்டையாக வாங்கிப் போட்ட தோட்டத்துப் பழக்கம் அது. பேரங்காடியில் இது எப்போதும் செல்லாது. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: அரைக்கிலோ பருப்பு 3 வெள்ளி 90 காசு, அதே பருப்பு ஒரு கிலோ பாக்கெட் 8 வெள்ளி 20 காசு. அரைக்கிலோ இரண்டு எடுத்தால் 7.80தான். பெரிய பாக்கெட்டை எடுத்தவர் 40 காசு கூடக் கொடுக்கிறார், சின்ன பாக்கெட் அன்றைக்குச் சலுகையில் இருப்பதால். கைத்தொலைபேசியில் விலையை எடையால் வகுத்து 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். சில கடைகளில் இந்தக் கணக்கைச் சீட்டின் மூலையிலேயே போட்டிருப்பார்கள். அந்தக் கடைகளை நான் கொஞ்சம் கூடுதலாகவே மதிப்பேன்.

"இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்" வகையிலும் இதே கணக்குத்தான். மூன்றின் மொத்த விலையை எடையால் வகுத்துப் பக்கத்துப் பிராண்டோடு ஒப்பிடுங்கள். இலவசம் என்ற சொல்லைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நடைபாதையின் முனையில் கோபுரமாக அடுக்கி வைத்திருப்பதெல்லாம் மலிவு விலைச் சரக்கு என்று நினைப்பதும் தவறு. அந்த இடமே விளம்பர இடம். கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டை விட்டு, குனிந்து கீழ்த்தட்டைப் பாருங்கள், விலை குறைந்த பிராண்டு பெரும்பாலும் அங்கேதான் படுத்திருக்கும்.

போக்குவரத்துச் செலவு

ஈப்போவுக்குப் பழைய சாலையில், கெமோர் வழியாகப் போய்வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காடிக்கு 5 லிட்டர். பூடி95 என்னும் அரசாங்க மானியத் திட்டத்தில் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு, ஆக எண்ணெய்க்கு மட்டும் 10 வெள்ளி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அங்கே பசியாறவும் ஐஸ்கிரீமுக்கும் குறைந்தது இன்னொரு 30. பருப்பில் மிச்சம் பிடித்த 40 காசு எங்கே போயிற்று என்று தேட வேண்டியதுதான்.

அதனால்தான் 99 ஸ்பீட்மார்ட் மாதிரியான பக்கத்துக் கடையையும் கட்டத்தில் போடச் சொன்னேன். பட்டியல் முழுவதையும் டவுனிலேயே வாங்கினால் எவ்வளவு, ஈப்போ போனால் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் 40 வெள்ளிக்குக் குறைவு என்றால் மளிகைக்காக ஈப்போ போக வேண்டாம் என்பது என் கட்சி. துணி, பாத்திரம், பள்ளிச் சாமான் சேரும்போது போங்கள். அப்போது அரிசியையும் சலவைத்தூளையும் சேர்த்துத் தூக்கி வாருங்கள். பக்கத்து வீட்டோடு ஒரே காடியில் போனால் எண்ணெய்ச் செலவு பாதியாகும். மூன்று பெண்கள் சேர்ந்தால் இரண்டு மணி நேர வேலை நாலு மணி நேரமாகும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

எந்தப் பகுதியில் எதைப் பார்ப்பது

காய்கறியில் பேரங்காடி ஜெயிப்பது அபூர்வம். கேரட், உருளை, பெரிய வெங்காயம் பரவாயில்லை. முருங்கைக்காய், கருவேப்பிலை, வாழைப்பூ, நாட்டுக் கத்தரிக்காய் எல்லாம் டவுன் பசாரில் காலையில் வாங்குவதுதான் விலையிலும் ருசியிலும் மேல். பேரங்காடியில் காய் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: பல கடைகளில் காய்கறிப் பகுதியிலேயே நிறுத்து, விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டுதான் கவுண்டருக்கு வர வேண்டும். ஒட்டாமல் வந்தால் வரிசை முழுவதும் உங்களைப் பார்க்கும்.

மசாலாச் சாமானுக்கு ஈப்போ லிட்டில் இந்தியாவை, ஜாலான் லாஹாட் பக்கத்துக் கடைகளை, எந்தப் பேரங்காடியும் தோற்கடித்து நான் பார்த்ததில்லை. சீரகம், சோம்பு, கசகசா, கல்பாசி என்றால் நேராக அங்கே போங்கள். பேரங்காடியில் நம் பொருட்கள் ஒரு தட்டில் ஒதுங்கியிருக்கும். இருப்பது புதிய சரக்கா என்று தேதியைப் பார்த்து எடுங்கள்.

துணிப் பகுதிதான் ஒப்பிட்டுப் பார்க்க ருசியான இடம். பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, கறுப்புக் காலணி, உள்ளாடை, கைலி, துண்டு, மெத்தை உறை ஆகியவற்றில் பெரிய கடைகளுக்குள் நல்ல விலை வித்தியாசம் இருக்கும். தரத்தை அங்கேயே சோதித்துவிடலாம். சீருடைச் சட்டையை வெளிச்சத்தில் பிடியுங்கள், மறுபக்கம் விரல் தெரிந்தால் ஒரு வருடம் தாங்காது. கால்சட்டையின் கீழ் மடிப்பைப் புரட்டிப் பாருங்கள். உள்ளே இரண்டு விரல் துணி விட்டிருந்தால் பையன் வளரும்போது பிரித்து விடலாம், விடாமல் ஓரத்தோடு அடித்திருந்தால் அடுத்த வருடம் புதிதுதான். காலணியின் அடிப்பாகம் வெறும் பசையில் ஒட்டியதா, தையலும் போட்டதா என்று பாருங்கள். செம்பனைக் காட்டு ஓரம் மழையில் நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தையல் போட்டதுதான் நிற்கும். சேலையும் பட்டுப்பாவாடையும் பேரங்காடியில் தேட வேண்டாம்.

பாத்திரத்தில் தூக்கிப் பார்ப்பதுதான் சோதனை. ஒரே அளவு இரண்டு சட்டியில் கனமானதை எடுங்கள். மின்சாதனங்களுக்கு உத்தரவாதக் கார்டில் கடை முத்திரை குத்தித் தருகிறார்களா என்று காசு கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கவுண்டரில்

தட்டில் பார்த்த விலையும் கவுண்டரில் ஓடும் விலையும் மாறுவது நடக்கும். சலுகைச் சாமான்களைக் கடைசியாக வையுங்கள், அவை ஓடும்போது திரையைக் கவனிக்க முடியும். மாறினால் உடனே சொல்லுங்கள். தயங்க வேண்டாம், பின்னால் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்யப்படும். 2008 ஏப்ரல் முதல் ஒரு காசு புழக்கத்தில் இல்லை என்பதால் வந்த முறை இது. 12.32 என்றால் 12.30, 12.33 என்றால் 12.35. புதிதாக வந்தவர்கள் இதை ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம். பிளாஸ்டிக் பைக்குக் காசு கேட்கும் கடைகள் உண்டு, ஆகவே காடியில் இரண்டு மூன்று துணிப்பை கிடக்கட்டும்.

அரசாங்கத்தின் சாரா உதவித்தொகை உங்கள் மைகார்டில் (அடையாள அட்டையில்) வந்திருந்தால் அதைப் பதிவு பெற்ற கடைகளில்தான் செலவிட முடியும். பெரிய பேரங்காடிகள் பலவும் 99 ஸ்பீட்மார்ட்டும் அதில் உண்டு. அரிசி, ரொட்டி, சோப்பு, மருந்து, பள்ளிச் சாமான் மாதிரி குறிப்பிட்ட வகைப் பொருட்களுக்கு மட்டும்தான் செல்லும். தட்டில் அதற்கான அடையாளச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். அந்தச் சாமான்களைத் தனியாக வைத்து, "இது மைகார்டில்" என்று முன்பே சொல்லிவிட்டால் வேலை சுலபம். 2025இல், 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் எல்லாருக்கும் 100 வெள்ளி கொடுத்தபோது முதல் நாள் கூட்டத்தில் கணினி திணறியது. இப்படிப் பணம் வரும் நாளில் ஓட வேண்டாம், கெடு முடியும் நாள் வரை தள்ளிப் போடவும் வேண்டாம்.

555 நோட்டுக் கடை

பேரங்காடியில் பற்று எழுத மாட்டார்கள். நம் டவுனில் இன்னும் சில மளிகைக் கடைகளில் கடன் கணக்கு எழுதும் 555 நோட்டு இருக்கிறது. மாதக் கடைசியில் காய்ச்சல் கண்டு வேலைக்குப் போகாத வீட்டுக்கு அரிசி போடுவது அந்த நோட்டுதான். எல்லாவற்றையும் ஈப்போவில் வாங்கிவிட்டு, கை காய்ந்ததும் அண்ணாச்சி முன் போய் நின்றால் அவர் முகம் எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வாரச் சாமான்களில் கொஞ்சம், தேங்காயோ கருவாடோ, அவரிடம் வாங்கிப் பழகுங்கள். ஆனால் நோட்டுக் கடையில் விலை கூட இருக்கும், நோட்டில் எழுதுவதை வாரம் ஒரு தடவை நீங்களும் கூட்டிப் பாருங்கள்.

தீபாவளிக்கு

தீபாவளியை ஒட்டி அரசாங்கம் சில நாட்களுக்கு உச்ச விலை நிர்ணயிக்கும். சின்ன வெங்காயம், தேங்காய், தக்காளி, பருப்பு, இறக்குமதி ஆட்டிறைச்சி போன்றவை வழக்கமாக அதில் வரும். அந்தச் சாமானுக்குக் கடையில் இளஞ்சிவப்பு நிற விலைச்சீட்டு வைக்க வேண்டும். அதற்கு மேல் வாங்கினால் அமைச்சின் 1-800-886-800 எண்ணுக்குப் புகார் செய்யலாம். பலகார மாவு, நெய், எண்ணெய் போன்றவற்றை ஒரு மாதம் முன்பே வாங்கி வைப்பது நல்லது. கெடும் பொருட்களை இந்தச் சீட்டு வந்த பிறகு வாங்குங்கள்.

சாமான் கோளாறு என்றால்

வாங்கிய பொருள் பழுதென்றால் ரசீதோடு வாடிக்கையாளர் சேவை மேசைக்குப் போங்கள், கவுண்டர் பெண்ணிடம் சண்டை போட்டுப் பயனில்லை. எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பது கடைக்குக் கடை மாறும், மேசைக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருப்பார்கள். விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். கடை மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசி ஆலோசனை கேட்கலாம்.

இதற்கெல்லாம் ரசீது வேண்டும். கடை ரசீது சூட்டில் அச்சாகும் தாள். சமையலறை மேசையிலோ காடியின் கண்ணாடி ஓரத்திலோ கிடந்தால் சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். விசிறி, ரைஸ் குக்கர், காலணி மாதிரி சாமான் வாங்கினால் வீட்டுக்கு வந்த அன்றே ரசீதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, உத்தரவாதக் கார்டோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.